சிரிப்பால் பாடம் நடத்திய கலைவாணர்

மாணவர்களே, இன்று நகைச்சுவை நம் கைத்தொலைபேசியிலேயே கிடைக்கிறது. அரை நிமிடக் காணொளி ஒன்றைப் பார்த்துச் சிரித்து, நண்பர்களுக்கும் அனுப்பிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறோம். அதில் யார் கேலி செய்யப்பட்டார் என்று நின்று யோசிப்பவர் குறைவு. கறுப்பாக இருப்பவர், பருமனாக இருப்பவர், திக்கிப் பேசுபவர், தோட்டத்து வழக்கில் பேசுபவர் என்று யாரோ ஒருவரின் குறையே பெரும்பாலும் சிரிப்புக்கு முதலீடாகிறது.

ஏறக்குறைய 90 ஆண்டுகளுக்கு முன்பே இந்த வழி வேண்டாம் என்று முடிவு செய்து, வேறொரு வழியில் தமிழர்களைச் சிரிக்க வைத்த ஒரு கலைஞர் இருந்தார். அவர்தான் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில் வாழ்ந்த நம் தாத்தா பாட்டிகளிடம் கேட்டுப் பாருங்கள். கிருஷ்ணன், மதுரம் என்ற இரு பெயர்களையும் சேர்த்தேதான் சொல்வார்கள்.

நாகர்கோவிலில் தொடக்கம்

கிருஷ்ணன் 1908-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்தார். தந்தை சுடலைமுத்துப் பிள்ளை, தாய் இசக்கியம்மாள். என்.எஸ். என்ற எழுத்துகள் நாகர்கோவிலையும் சுடலைமுத்துவையும் குறிக்கின்றன. அந்தப் பகுதி அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது.

வீட்டில் வறுமை. ஆரம்பப் பள்ளியோடு படிப்பு நின்றுபோனது. பகலில் டென்னிஸ் மட்டைக்கு நரம்பு பின்னும் வேலை, மாலையில் நாடகக் கொட்டகையில் சோடாவும் தின்பண்டமும் விற்கும் வேலை. விற்றுக்கொண்டே மேடையைப் பார்த்தார். எந்த இடத்தில் சனங்கள் சிரிக்கிறார்கள், எந்த இடத்தில் கொட்டாவி விடுகிறார்கள் என்பதை அந்தச் சிறுவன் அங்கேதான் கற்றுக்கொண்டான்.

அவருடைய வட்டாரத்துக்கு இன்னொரு செல்வமும் இருந்தது. அதுதான் வில்லுப்பாட்டு. வில்லின் நாணை வீசுகோலால் தட்டிக் கதை சொல்லும்போது, பக்கத்தில் இருப்பவர் ஆமாம் போட்டுக் குறுக்குக் கேள்வி கேட்பார். ஒருவர் சொல்ல, மற்றவர் மடக்க, கதை நகரும். பிற்காலத்தில் கிருஷ்ணனும் மதுரமும் திரையில் நடத்திய உரையாடல்களில் இந்த வில்லுப்பாட்டு முறையின் சாயலைக் காணலாம்.

அக்காலத்தில் சிறுவர்களைக் கொண்டு நாடகம் நடத்திய குழுக்களுக்குப் பாய்ஸ் கம்பெனி என்று பெயர். கிருஷ்ணன், டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்தார். எந்த வேடம் காலியானாலும் அதை ஏற்று நடிக்கக் கூடியவர் என்று பெயர் எடுத்தார். 1935-இல் அந்தக் குழுவின் மேனகா நாடகம் படமானபோது அதில் நடித்தார். அடுத்த ஆண்டு எல்லிஸ் ஆர்.டங்கன் என்ற அமெரிக்கர் இயக்கிய சதிலீலாவதி வெளிவந்தது. எம்.ஜி.ஆர். அறிமுகமானதும் அந்தப் படத்தில்தான். அதன் கதையில் நாயகன் இலங்கைக்குத் தப்பிப் போய்த் தேயிலைத் தோட்டத்தில் கூலியாக வேலை செய்வான். கடல் கடந்து தோட்டங்களுக்குப் போன தமிழர்களின் வாழ்க்கை தமிழ்த் திரையில் எவ்வளவு சீக்கிரம் இடம்பெற்றது என்பதற்கு அது ஒரு சான்று.

இருவர் ஓர் அணி

1936-இல் வசந்தசேனா என்ற படத்தின் வேலைக்காகக் குழு புனே நகருக்குப் போனது. அங்கேதான் கிருஷ்ணனுக்கு டி.ஏ.மதுரம் பழக்கமானார். பாட்டும் நடிப்பும் கைவந்த திருச்சிராப்பள்ளிப் பெண் அவர். கிருஷ்ணனுக்கு ஏற்கெனவே நாகம்மாள் என்ற மனைவி இருந்தார். இருந்தும் கிருஷ்ணனும் மதுரமும் மணம் செய்துகொண்டார்கள். அந்தத் தலைமுறையில் பலர் செய்தது என்றாலும், இன்றைய பார்வையில் அது கேள்விக்கு உரியதுதான். ஆனால் கலையில் அந்த இணைக்கு நிகராக வேறோர் இணை தமிழில் நெடுங்காலம் வரவில்லை.

அம்பிகாபதி (1937), திருநீலகண்டர் (1939), சகுந்தலை (1940), உத்தமபுத்திரன் (1940), அசோக்குமார் (1941), கண்ணகி (1942), மங்கம்மா சபதம் (1943), ஹரிதாஸ் (1944) என்று வரிசையாகப் படங்கள். நாயகன் யாராக இருந்தாலும் கிருஷ்ணன் வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் கேட்டார்கள். அவர் நடிகராக மட்டும் போகவில்லை. புளிமூட்டை ராமசாமி போன்ற நடிகர்களைத் தம்மோடு வைத்துக்கொண்டு, நகைச்சுவைப் பகுதியைத் தாமே யோசித்து, எழுதி, ஒத்திகை பார்த்துக் கொடுப்பார். மூலக்கதை புராணமாக இருக்கலாம், ராஜா ராணிக் கதையாக இருக்கலாம். நடுவே வரும் கிருஷ்ணன் மதுரம் காட்சி மட்டும் அன்றைய தெருவைப் பற்றியும் அன்றைய வீட்டைப் பற்றியும் பேசும். குடி, மூடநம்பிக்கை, சாதிப் பெருமை, போலிச் சாமியார் என்று அவர் தொடாத பொருள் குறைவு.

இங்கே கவனிக்க வேண்டியது மதுரத்தின் இடம். அன்றைய படங்களில் மனைவி என்றால் கணவன் காலைத் தொட்டு வணங்கி அழுபவள். மதுரம் அப்படியல்ல. கணவன் பெருமை பேசினால் எதிர்க்கேள்வி கேட்பார். பல காட்சிகளில் தோற்று விழிப்பவர் கிருஷ்ணன்தான். மூடனாக நிற்கும் வேலையை அவர் தம்மிடமே வைத்துக்கொண்டார். புத்திசாலிப் பங்கை மனைவிக்குக் கொடுத்தார். கொட்டகையில் அமர்ந்திருந்த ஆண்களும் அதைப் பார்த்துக் கைதட்டினார்கள். மேடையில் நின்று பெண்ணுரிமை பேசியிருந்தால் எழுந்து போயிருக்கக்கூடிய ஆட்கள் அவர்கள்.

இருவரும் பாடிய ஒரு பாட்டில், விஞ்ஞானத்தை வளர்த்துவிட்டால் வீடு எப்படி இருக்கும் என்று கிருஷ்ணன் கனவு காண்பார். பொத்தானைத் தட்டினால் இட்லியும் காப்பியும் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும் என்பது அந்தக் கனவு. தொலைபேசியைத் தட்டினால் சாப்பாடு வாசலுக்கு வரும் காலத்தில் வாழும் நமக்கு இது வேடிக்கையாகத் தெரியும். மின்விளக்கே இல்லாத ஊர்கள் நிறைந்த காலத்தில் பாடியது என்பதை நினைத்தால், அந்தச் சிரிப்புக்குள் எவ்வளவு ஆசை இருந்தது என்பது புரியும்.

அமெரிக்காவில் இன்னோர் இணை

கிருஷ்ணனுக்கு ஒரு தலைமுறை முன்னால், அமெரிக்காவில் பெர்ட் வில்லியம்ஸ், ஜார்ஜ் வாக்கர் என்ற கறுப்பின நகைச்சுவை இணை புகழ் பெற்றிருந்தது. 1903-இல் இன் டஹோமி என்ற இசை நாடகத்தை நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் ஏற்றினார்கள். முழுக்க முழுக்கக் கறுப்பினக் கலைஞர்கள் உருவாக்கிய நாடகம் அப்படிப்பட்ட பெரிய அரங்கில் ஏறுவது அப்போது புதுமை. அதே ஆண்டில் லண்டனுக்குப் போய் அரச மாளிகையிலும் நடித்துக் காட்டினார்கள்.

ஆனால் ஒரு கொடுமையும் இருந்தது. வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கேலி செய்வது அன்றைய அமெரிக்க மேடை வழக்கம். கறுப்பரான வில்லியம்ஸும் அதே கரியைப் பூசிக்கொண்டால்தான் மேடை கிடைத்தது. தம் இனத்தைச் சிறுமைப்படுத்தும் முகமூடியை அணிந்துகொண்டே, அதற்குள் ஒரு மனிதன் இருக்கிறான் என்று காட்ட அவர் போராடினார். வாக்கர் 1911-இல் இறந்தார். 1913-இல் வில்லியம்ஸ் நாயகனாக, ஏறக்குறைய முழுதும் கறுப்பின நடிகர்களுடன் ஒரு நகைச்சுவைப் படம் எடுக்கப்பட்டது. அது முடிக்கப்படாமலே நின்றது. படச்சுருள்கள் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் பல பத்தாண்டுகள் கிடந்து, 2014-இல்தான் மக்கள் பார்வைக்கு வந்தன. அதில் கறுப்பினக் காதலர்கள் இருவர் குடைராட்டினம் ஏறிச் சிரித்து மகிழ்கிறார்கள். கேலிப் பொருளாக அல்ல, சாதாரண மனிதர்களாக.

யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம், யாரோடு சேர்ந்து சிரிக்கிறோம் என்ற கேள்வி உலகெங்கும் ஒன்றுதான். ஒடுக்கப்பட்டவரைக் காட்டிச் சிரிக்க வைப்பது எளிது. ஒடுக்கப்பட்டவரின் பக்கம் நின்று சிரிக்க வைப்பது கடினம். கிருஷ்ணன் தேர்ந்தெடுத்தது அந்தக் கடினமான வழியை.

சிறைக்கதவு

1944 அக்டோபரில் தீபாவளிக்கு ஹரிதாஸ் வெளிவந்தது. தியாகராஜ பாகவதர் நாயகன், கிருஷ்ணனும் மதுரமும் நகைச்சுவை. சென்னை பிராட்வே திரையரங்கில் அது மூன்று தீபாவளிகளைக் கண்டது. ஆனால் அதில் நடித்த இரண்டு பெரும் கலைஞர்கள் அந்த வெற்றியை வெளியே இருந்து அனுபவிக்கவில்லை.

சென்னையில் லட்சுமிகாந்தன் என்பவர் நடிகர்களின் தனிவாழ்க்கையைப் பற்றி இழிவாக எழுதும் பத்திரிகை நடத்திவந்தார். 1944 நவம்பர் 8-ஆம் நாள் வேப்பேரியில் அவர் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். அந்தக் கொலைக்குச் சதி செய்ததாகப் பாகவதர், கிருஷ்ணன், இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு உட்படச் சிலர் டிசம்பரில் கைதானார்கள். நாயுடு விடுதலையானார். பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் 1945 மே மாதம் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றத்தில் செய்த மேல்முறையீடும் தோற்றது.

மாணவர்களே, அந்த நிலையில் மதுரத்தை நினைத்துப் பாருங்கள். கணவர் ஆயுள் கைதி. நேற்று வரை வீட்டுக்கு வந்து போனவர்கள் இன்று வரவில்லை. வழக்கை மேலும் நடத்தப் பணம் வேண்டும். மதுரம் மூலையில் உட்காரவில்லை. எஸ்.வி.சகஸ்ரநாமம் முதலிய நண்பர்களின் துணையோடு கிருஷ்ணன் பெயரிலேயே நாடகக் குழுவை நடத்தினார். மேடையில் சிரிக்க வைத்துச் சம்பாதித்த பணம் வழக்குக்குப் போனது. பைத்தியக்காரன் என்ற படத் தயாரிப்பும் தொடங்கியது.

வழக்கு லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை சென்றது. அன்றைய பிரிட்டிஷ் ஆட்சியில் அதுதான் இறுதி நீதிமன்றம். அது, மேல்முறையீட்டைச் சென்னை உயர்நீதிமன்றம் மறுபடி விசாரிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. இருவருக்காகவும் வாதாடியவர் வழக்கறிஞர் வி.எல்.எத்திராஜ். மறு ஆண்டு சென்னையில் பெண்களுக்காகக் கல்லூரி தொடங்கிய அதே எத்திராஜ்தான். 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள். வாழ்க்கையில் ஏறக்குறைய 30 மாதங்கள் சிறையில் போயிருந்தன.

வெளியே வந்த பாகவதருக்குப் பழைய புகழ் திரும்பவில்லை. கிருஷ்ணன் மீண்டார். பைத்தியக்காரன் படத்தில் அவரும் சேர்ந்து நடிக்க, 1947-இல் அது வெளியானது. அவர் திரும்பி வந்தபோது நிற்க ஒரு மேடை இருந்தது. அதைக் கலைந்துபோகாமல் காத்து வைத்திருந்தவர் மதுரம். கலைவாணர் என்ற பட்டத்தை அவருக்குச் சூட்டியவர் தமிழ் நாடகத்தின் மூத்த தலைமுறையைச் சேர்ந்த பம்மல் சம்பந்த முதலியார்.

கிந்தனார் படித்த கதை

கிருஷ்ணனின் வாழ்நாள் சாதனை எது என்று கேட்டால், மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியது கிந்தனார் கதாகாலட்சேபம்தான். 1949-இல் வெளிவந்த நல்லதம்பி படத்தில் அது இடம்பெற்றது. அண்ணாதுரை எழுதிய அந்தப் படம், மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன் என்ற அமெரிக்கப் படத்தைத் தழுவியது. கிருஷ்ணனே அதில் நாயகன்.

கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரம் தமிழர்கள் நன்கு அறிந்த கதை. தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த நந்தன், சிதம்பரம் போய் நடராசரைத் தரிசிக்கத் துடிக்கிறான். கிருஷ்ணன் அதே அமைப்பை எடுத்துக்கொண்டார். பாடல்களை எழுதியவர் உடுமலை நாராயண கவி. பாகவதர் போல நின்று, சப்ளாக்கட்டைத் தாளத்தோடு கிருஷ்ணன் கதை சொல்வார். இங்கே நாயகன் நந்தன் அல்ல, கிந்தன். அவன் போகத் துடிப்பது கோயிலுக்கு அல்ல, பள்ளிக்கூடத்துக்கு. சாதியின் பெயரால் ஊரில் படிக்க வழியில்லாத அந்தச் சிறுவன் ரயிலேறி நகரம் போகிறான். படிக்கிறான். கல்வி அதிகாரியாகத் திரும்பி வருகிறான். ஒதுக்கிய ஊரே அவனை வரவேற்கக் காத்து நிற்கிறது.

இதில் சிரிப்பு எங்கே வருகிறது? கிந்தனின் பேச்சிலோ நிறத்திலோ உடையிலோ வரவில்லை. அவனைத் தடுத்தவர்கள் பின்னர் அவன் முன் நெளியும் நெளிவில் வருகிறது. சாதியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியும் புரிய வைக்க முடியாததை, ஒரு பெரிய மனிதரின் நெளிவு புரிய வைத்துவிடுகிறது. ஆரம்பப் பள்ளியைத் தாண்டாத ஒருவர் கல்வியைக் கோயிலுக்கு இணையாக வைத்துப் பாடியது இன்னொரு சிறப்பு. தமக்குக் கிடைக்காதது எவ்வளவு பெரியது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இயக்குநரும் பேச்சாளரும்

1951-இல் மணமகள், 1952-இல் பணம் ஆகிய படங்களைக் கிருஷ்ணனே இயக்கினார். பத்மினிக்கு நாயகியாகப் பெயர் வாங்கித் தந்த தொடக்கப் படங்களில் மணமகள் ஒன்று. பணம் படத்துக்கு இசை அமைத்தவர்கள் அப்போது இளைஞர்களாக இருந்த விஸ்வநாதன், ராமமூர்த்தி இணை. இளையவர்களை நம்பிப் பெரிய பொறுப்பைக் கொடுப்பது அவர் பழக்கம்.

1955-இல் வந்த முதல் தேதி படத்தில், மாதச் சம்பளக்காரனின் மாதம் எப்படிக் கொண்டாட்டத்தில் தொடங்கித் திண்டாட்டத்தில் முடிகிறது என்று அவர் பாடிய பாட்டு, இன்றும் மாதக் கடைசியில் பலருக்கு நினைவு வருகிறது. 1956-இல் ராஜா ராணி படத்தில் மனிதர்களின் சிரிப்பு வகைகளை ஒவ்வொன்றாகச் சிரித்தே காட்டினார். யூடியூபில் தேடிப் பாருங்கள். அசட்டுச் சிரிப்புக்கும் ஆணவச் சிரிப்புக்கும் இடையே முகத்தில் எத்தனை மாற்றம் என்பது நடிப்பு பயில்வோருக்குப் பாடம்.

பட்டிமன்றம், பேச்சுப்போட்டி என்று பேசும் மாணவர்களுக்கு இன்னொரு நிகழ்ச்சி. 1957 தேர்தலில் காஞ்சிபுரத்தில் அண்ணாதுரைக்கு எதிராகப் போட்டியிட்டவர் ஒரு மருத்துவர். பிரசாரத்துக்கு வந்த கிருஷ்ணன், மருத்துவரைத் திட்டுவார் என்று கூட்டம் எதிர்பார்த்தது. அவரோ அந்த மருத்துவரின் கைராசியையும் நல்ல குணத்தையும் புகழ்ந்துகொண்டே போனார். முடிவில், இப்படிப்பட்ட மருத்துவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிவிட்டால் ஊரில் நோய் வந்தவர்கள் யாரிடம் போவார்கள், அதனால் அவரை ஊரிலேயே வைத்துக்கொண்டு அண்ணாதுரையை அனுப்புங்கள் என்று முடித்தார். அண்ணாதுரை 15 ஆண்டுகளுக்குள் முதலமைச்சராகவே ஆனார். எதிர்த்தரப்பை ஒரு சொல்லாலும் காயப்படுத்தாமல் வாதத்தை வெல்லலாம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

கொடுத்துச் சிவந்த கை

கிருஷ்ணன் கைநிறையச் சம்பாதித்தார். இருந்தும் சேர்த்து வைக்கவில்லை. கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தார். அவருடைய கணக்கில் தர்மம் என்று எழுதியிருந்த தொகைகளைச் சந்தேகித்த வருமான வரி அதிகாரி ஒருவர், ஏழை போல வந்து மகள் கல்யாணத்துக்கு உதவி கேட்டாராம். கிருஷ்ணன் யோசிக்காமல் கொடுக்க முன்வந்ததைப் பார்த்து, கணக்கு சரிதான் என்று போய்விட்டாராம். மக்கள் இன்றும் சொல்லும் கதை இது. அவரைப் பற்றி மக்கள் எதை நம்பத் தயாராக இருந்தார்கள் என்பதை அது காட்டுகிறது. கொடுப்பதற்கும் ஓர் அளவு வேண்டும், தனக்கும் குடும்பத்துக்கும் எடுத்து வைக்க வேண்டும் என்ற பாடத்தையும் அவர் வாழ்க்கையிலிருந்து நாம் கற்கலாம். கடைசிக் காலத்தில் அவர் கையில் பெரிதாக எதுவும் இல்லை.

1957-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30-ஆம் நாள் சென்னையில் காலமானார். மலாயா விடுதலை பெறுவதற்கு முதல் நாள் அது. வயது 48 மட்டுமே. மதுரம் 1974 வரை வாழ்ந்தார். சென்னை தியாகராய நகரில் கலைவாணரின் சிலையை 1969 ஜனவரியில் அண்ணாதுரை திறந்து வைத்தார். நோயோடு வந்து அவர் கலந்துகொண்ட அந்த நிகழ்ச்சியே அவருடைய கடைசிப் பொது நிகழ்ச்சியாகவும் அமைந்தது. சென்னையில் கலைவாணர் அரங்கம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கொரோனா காலத்தில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் கூடியதும் அங்கேதான்.

நமக்கு என்ன?

பள்ளி ஆண்டுவிழாவுக்கு ஒரு நகைச்சுவை நாடகம் எழுத உட்காரும் மாணவர், கலைவாணரிடம் மூன்று கேள்விகளைக் கடன் வாங்கலாம். என் நாடகத்தில் அவமானப்படுபவர் யார், பலமுள்ளவரா, பலமில்லாதவரா? என்னை நானே கேலிக்கு உட்படுத்திக்கொள்ளத் தயாரா? நான் கேலி செய்யும் ஆள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால் அவராலும் சிரிக்க முடியுமா?

இந்த மூன்றையும் கேட்டுவிட்டு எழுதினால் சிரிப்பு குறைந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். கிருஷ்ணனும் மதுரமும் அப்படித்தான் எழுதினார்கள், நடித்தார்கள். கொட்டகை நிறைந்தே இருந்தது.